ஒருதலைப்பட்சமாக முடிந்த அடமான வழக்கை மீண்டும் திறக்க நீதிமன்றம் மறுத்தால்: ராமநாதபுரம் கடலோர மக்களுக்கான கேள்வி பதில்

இந்தக் கேள்வி பதில் யாருக்குப் பயன்படும்?

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள கடற்கரை ஊர்களில் படகுக்காகவோ, எஞ்சினுக்காகவோ, வீடு கட்டுவதற்காகவோ வீட்டுப் பத்திரத்தை அடமானமாக வைத்து அரசுடைமை வங்கியிலோ அரசு நிதிக் கழகத்திலோ கடன் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களுள் சிலருக்கு வழக்குப் போட்டதே தெரியாமல், அவர்கள் நீதிமன்றத்துக்கு வராத நிலையிலேயே தீர்ப்பாகி, வீடு ஏலத்துக்கு வரும்போதுதான் செய்தி எட்டுகிறது. வக்கீல்கள் இதனை 'எக்ஸ்பார்ட்டி டிகிரி' என்பார்கள். எழுத்தில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை. அதனை நீக்கி வழக்கை மறுபடி நடத்தும்படி கேட்ட மனுவையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதே இங்குள்ள கேள்விகளின் பொருள். பொதுவான சட்ட நிலை மட்டுமே இங்கே சொல்லப்படுகிறது. உங்கள் வழக்குக் கட்டை நேரில் பார்த்த வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது.

என் வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாமல் ஓர் அடியும் எடுத்து வைக்க வேண்டாம். தவறான இடத்தில் மனுப் போட்டு, சரியான இடத்துக்குரிய கெடுவை இழப்பவர்கள் அதிகம். கையிலுள்ள காகிதத்தின் தலைப்பைப் பாருங்கள். ராமநாதபுரம் சார்பு நீதிமன்றம் போன்ற உரிமையியல் நீதிமன்றத்தின் பெயரும் 'ஓ.எஸ்.' என்ற எண்ணும் இருந்தால், அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் கட்டளைப்படி நடந்த அடமான வழக்கு. இந்தக் கேள்வி பதில் பெரும்பாலும் அதைப் பற்றியதே. வேறு சட்டத்தின் பெயர் சொல்லாமல் கீழே வரும் கட்டளை, விதி, பிரிவு எண்கள் எல்லாம் இந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தினுடையவை. 20 லட்ச ரூபாய்க்குக் குறைந்த வங்கிக் கடன்கள் இந்த வழியில்தான் வழக்காகின்றன.

மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் பெயரும் 'ஓ.ஏ.' என்ற எண்ணும் இருந்தால் அது 1993ஆம் ஆண்டின் கடன் மீட்புச் சட்டத்தின் கீழான வழக்கு. அங்கும் ஒருதலைப்பட்ச உத்தரவை நீக்கும் அதிகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்கே உண்டு. தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்துச் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 30 நாளில் போக வேண்டும். கடன் தொகையை நிர்ணயித்த ஆணைக்கு எதிராகப் போகும்போது அந்தத் தொகையில் பாதியைக் கட்டச் சொல்வார்கள், அதனைக் கால் பங்கு வரைதான் குறைக்க முடியும். வங்கி நீதிமன்றத்துக்கே போகாமல் '13(2)' என்று குறிப்பிட்டு 60 நாள் அறிவிப்பு கொடுத்திருந்தால் அது 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். வங்கி சொத்தை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கைக்கு எதிராக 45 நாளில் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். விவசாய நிலத்தை அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது என்பதைத் தென்னந்தோப்பையும் பனங்காட்டையும் அடமானம் வைத்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தாசில்தாரிடமிருந்து அறிவிப்பு வந்திருந்தால் அது வருவாய் மீட்புச் சட்டத்தின்படியான நடவடிக்கை. அதற்கு வழி வேறு.

நீதிமன்றம் மறுத்துவிட்டது என்கிறார்கள். சரியாக எதை மறுத்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் மேலே போகும் கதவு எது என்று தெரியும். தீர்ப்பாணையை நீக்கும் மனுவை 9ஆம் கட்டளையின் 13ஆம் விதிப்படி 30 நாளுக்குள் போட வேண்டும். கெடு தவறியிருந்தால், தாமதத்தை மன்னிக்கும்படி, வழக்குகளுக்கும் மனுக்களுக்கும் கெடு வகுக்கும் வரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தனி மனு சேர்த்துப் போட வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் தள்ளுபடியாவது இந்தத் தாமத மனுதான். மூல மனு எண்ணிடப்படாமலே நின்றுவிடும். அப்படியானால் நடைமுறையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உரிமையியல் சீராய்வு மனு (சி.ஆர்.பி.) போடுகிறார்கள், அதற்குக் கெடு 90 நாள்.

தாமதம் இல்லாமலோ, தாமதம் மன்னிக்கப்பட்ட பிறகோ, 13ஆம் விதி மனு விசாரிக்கப்பட்டுத் தள்ளுபடியானால், 43ஆம் கட்டளை 1ஆம் விதியின் (டி) உட்பிரிவு நேரடியாக மேல்முறையீட்டு உரிமை தருகிறது. இதுவே சி.எம்.ஏ. எனப்படும் உரிமையியல் பல்வகை மேல்முறையீடு. மூல வழக்கின் தீர்ப்பாணையை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகுமோ அங்கேயே இதுவும் போகும். மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். மேல்முறையீடு கிடைக்கும் ஓர் ஆணையை எதிர்த்துச் சீராய்வுக்குப் போக 115ஆம் பிரிவே இடம் தரவில்லை. ஆகவே இரண்டையும் மாற்றிப் போட்டால் கட்டு திரும்பி வரும், காலமும் போய்விடும்.

வக்கீல் வராததால் மனு தள்ளுபடியாகியிருந்தால் நிலைமை வேறு. அப்போது முதலில் அந்த மனுவை மீண்டும் கோப்பில் எடுக்கும்படி அதே நீதிமன்றத்தில் கேட்பதே வழக்கம்.

30 நாள் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்?

தீர்ப்பாணையை நீக்கும் மனுவைப் பொறுத்தவரை, வரம்புச் சட்ட அட்டவணையின் 123ஆம் இனம் இரண்டு தொடக்கங்களைச் சொல்கிறது: சம்மன் முறையாகச் சார்பு செய்யப்பட்டிருந்தால், அதாவது விதிப்படி உங்களிடம் சேர்க்கப்பட்டிருந்தால், தீர்ப்பாணை நாள், செய்யப்படவில்லை என்றால் உங்களுக்குத் தெரியவந்த நாள். அந்த இனத்துக்கு ஒரு விளக்கமும் உண்டு. பத்திரிகை விளம்பரம் போன்ற 5ஆம் கட்டளை 20ஆம் விதிப்படியான மாற்று வழிச் சார்பு, இந்தக் கணக்குக்கு முறையான சார்பு ஆகாது. வளைகுடாவில் வேலை செய்யும் கீழக்கரைக்காரர் ஒருவருக்கு மதுரைப் பதிப்பில் வந்த விளம்பரத்தைக் காட்டி 'அன்றே தெரிந்துவிட்டது' என்று வாதிட்டால், மறுப்பதற்கு இந்த விளக்கமே போதும். வியப்பு என்னவென்றால், தாமத மனுவே தேவைப்படாத இடத்திலும் பலர் பயத்தினால் தாமத மனுவைப் போட்டு, தாமதத்தைத் தாங்களே ஒப்புக்கொண்டவர்களாகி விடுகிறார்கள். முறையான சார்பு இல்லை, அறிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வந்திருக்கிறோம் என்பதை முதன்மை நிலையாகவும், தேவைப்பட்டால் மட்டும் தாமதத்தை மன்னிக்க வேண்டும் என்பதை மாற்று நிலையாகவும் எழுதச் சொல்லுங்கள்.

மேல்முறையீட்டுக் கெடுவில், தள்ளுபடி ஆணையின் சான்றிட்ட நகலைப் பெறுவதற்குப் பிடித்த காலம் கழியும். ஆணை பிறந்த அன்றே நகல் மனுப் போடுவது அதனால்தான் முக்கியம். நகலின் பின்புறம் மனுப் போட்ட நாளும் நகல் தயாரான நாளும் குறிக்கப்பட்டிருக்கும். தயாரான பிறகு நீங்கள் வாங்காமல் விட்ட நாள்கள் கழியாது.

சம்மன் வரவே இல்லை என்று எப்படிக் காட்டுவது?

வழக்குக் கட்டைப் பார்வையிட மனுப் போட்டு, சம்மனை எடுத்து வந்த ஊழியர், ஊர்ப் பேச்சில் அமீனா, எழுதிய சார்பு அறிக்கையை வாசியுங்கள். வழக்கின் உயிர் பெரும்பாலும் அந்தச் சிறு தாளில்தான் இருக்கிறது. 'கதவு பூட்டியிருந்தது, ஒட்டப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருக்கலாம். ஆனால் 5ஆம் கட்டளையின் 17ஆம் விதி அதற்கு மேலும் கேட்கிறது. உரிய முயற்சி செய்தும் ஆளைக் காண முடியவில்லை, நியாயமான காலத்துக்குள் அவர் வீட்டில் இருப்பார் என்று எதிர்பார்க்கவும் வழியில்லை என்ற நிலை இருக்க வேண்டும். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பதைப் பெயரும் முகவரியுமாக எழுத வேண்டும். அந்த அறிக்கைக்குப் பிரமாணம் இல்லையென்றால் 19ஆம் விதிப்படி ஊழியரை நீதிமன்றம் விசாரித்திருக்க வேண்டும். ஒரே தடவை போய், அதே நாளில் ஒட்டிவிட்டு வந்திருப்பது தெரிந்தால் அதை மேல்முறையீட்டுக் காரணங்களில் முதலாவதாக எழுதலாம்.

வீட்டில் வாங்கியவர் யார் என்பதையும் பாருங்கள். உடன் வசிக்கும் வயது வந்த குடும்பத்தினரிடம் கொடுக்கலாம். வேலையாள் குடும்பத்தினர் ஆகமாட்டார் என்று விதியே சொல்கிறது. பதிவுத் தபாலைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை: சரியான முகவரிக்குப் போன தபால் 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பினால், சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது.

சார்பில் குறை இருக்கிறது என்பது மட்டுமே போதாது என்பதையும் மறக்க வேண்டாம். வாய்தா நாள் உங்களுக்குத் தெரிந்திருந்தது, வருவதற்குப் போதிய அவகாசமும் இருந்தது என்று நீதிமன்றம் நம்பினால், சார்பில் இருந்த ஒழுங்கின்மையைக் காரணம் காட்டித் தீர்ப்பாணையை நீக்க முடியாது. வழக்குப் போட்ட பிறகு வங்கிக்குப் போய் 'கேஸை வாபஸ் வாங்குங்கள்' என்று எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றே எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகிவிடும்.

கடலுக்குப் போயிருந்தேன் என்பது போதுமான காரணமா?

நேர்மையாகச் சொன்னால், அந்த ஒற்றை வரி போதாது. ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதி விசைப்படகுகள் பெரும்பாலும் இரவு தங்கி மறுநாள் காலை கரை திரும்புபவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் அவை கடலுக்கே போவதில்லை. வங்கியின் வழக்கறிஞர் நாள்காட்டியை விரித்து வைத்துக் குறுக்கு விசாரணை செய்தால் அந்தக் காரணம் நிற்காது. வாய்தா நாளில் படகு உண்மையிலேயே கடலில் இருந்தது என்றால், மீன்துறை கொடுத்த அனுமதிச் சீட்டின், அதாவது டோக்கனின் பதிவைக் கொண்டு காட்டுங்கள். தடைக்காலத்தில் கேரளக் கடற்கரைக்கு வேலைக்குப் போயிருந்தவர்கள், அங்குள்ள படகு உரிமையாளரின் கடிதத்தோடு, கூலி வரவான வங்கிக் கணக்குப் பக்கத்தையும் சேர்க்க வேண்டும். கடிதம் மட்டுமென்றால், கேட்டதும் யாரும் எழுதித் தருவதுதானே என்பார்கள்.

இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டு யாழ்ப்பாணத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்களின் நிலை வேறு. நீதிமன்றத்துக்கு வர இயலாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இருக்க முடியாது. ஆனாலும் பிரமாணப் பத்திரத்தில் 'இலங்கைச் சிறையில் இருந்தேன்' என்று எழுதிவிட்டு, கைதான நாளையும் விடுதலையான நாளையும் காட்டும் ஆவணம் ஒன்றும் இல்லாமல் வருகிறார்கள். மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தின் சான்று, கடலோரக் காவல் நிலையத்தில் பதிவான தகவல், இலங்கை நீதிமன்ற உத்தரவின் நகல், திரும்பி வந்தபோது வழங்கப்பட்ட பயண ஆவணம் ஆகியவற்றில் கிடைப்பதையெல்லாம் சான்றாவணமாகக் குறியிடச் செய்யுங்கள். விடுதலைக்குப் பிறகு மனுப் போடும் வரையிலான நாள்களுக்கும் விளக்கம் வேண்டும். அங்கேதான் பல மனுக்கள் சறுக்குகின்றன. வெளிநாட்டில் இருந்தவர்களுக்குக் கடவுச்சீட்டின் குடியேற்ற முத்திரைகளே போதிய சான்று.

ஒரு நுட்பமும் உண்டு. 'போதுமான காரணம்' என்பதை, உங்களை ஒருதலைப்பட்சமாக வைத்த அந்த வாய்தா நாளைக் கொண்டே பார்க்க வேண்டும், அதற்கு முந்தைய வாய்தாக்களில் நீங்கள் காட்டிய அலட்சியத்தைக் கொண்டு பார்க்கக் கூடாது என்று ஜி.பி. ஸ்ரீவஸ்தவா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கீழமை நீதிமன்றம் பழைய கதையை அடுக்கி மனுவைத் தள்ளியிருந்தால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

கீழமை நீதிமன்றம் ஒரு முடிவெடுத்த பிறகு மேல் நீதிமன்றம் அதை மாற்றுமா?

தாமத மனுக்களைப் பொறுத்தவரை இதற்குத் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கே விடை தருகிறது. என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி (1998) வழக்கில் தாமதம் 883 நாள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கேட்ட மனு வராமையால் தள்ளுபடியாகியிருந்தது. வழக்கறிஞர் தகவல் சொல்லவில்லை என்பது பிரதிவாதியின் காரணம். விசாரணை நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது, உயர் நீதிமன்றம் சீராய்வில் அதை மாற்றியது, உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் ஆணையை நிலைநிறுத்தியது. தாமதத்தின் நீளம் முக்கியமல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. அதைவிட உங்களுக்குப் பயன்படுவது அடுத்த பகுதி: முதல் நீதிமன்றம் தாமதத்தை மன்னித்திருந்தால் மேல் நீதிமன்றம் எளிதில் தலையிடக் கூடாது, மறுத்திருந்தால், கீழே சொன்ன முடிவால் கட்டுப்படாமல் காரணத்தைப் புதிதாக எடைபோட மேல் நீதிமன்றத்துக்குச் சுதந்திரம் உண்டு. மறுக்கப்பட்டவர் நீங்கள் என்பதால் இந்த வேறுபாடு உங்கள் பக்கம் நிற்கிறது.

ஆனால் புதிதாக எடைபோட, கட்டில் ஏதாவது இருக்க வேண்டும். கீழமை விசாரணையில் நீங்கள் கூண்டேறிச் சாட்சி சொல்லாமல், ஓர் ஆவணத்தைக்கூடக் குறியிடாமல் விட்டிருந்தால், மேலே புதுச் சான்றைச் சேர்க்க 41ஆம் கட்டளை 27ஆம் விதியின் குறுகிய வாசலில் நுழைய வேண்டியிருக்கும். மதுரைக் கிளையில் வாதாடும் வழக்கறிஞர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் ராமநாதபுரத்தில் தாக்கல் செய்யாத சான்றிதழை அவரால் வாதமாக மாற்ற முடியாது.

வட்டியைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள், பாதிக் கடனைக் கட்டிவிட்டேன். இதை மேல்முறையீட்டில் சொல்லலாமா?

சி.எம்.ஏ.வில் சொல்லிப் பயனில்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: சம்மன் முறையாக வந்ததா, அன்று வராததற்குப் போதுமான காரணம் இருந்ததா. கடன் கணக்கைக் கேள்வி கேட்க வேண்டுமானால் 96ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவின்படி ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை மீதே முறையான முதல் மேல்முறையீடு போடலாம்.

இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன, ஆனால் வரிசை முக்கியம் என்பதை பானு குமார் ஜெயின் வழக்கு (2005) விளக்குகிறது. முதல் மேல்முறையீடு தகுதியின் மேலோ காலதாமதத்தாலோ முடிந்துவிட்டால், அதன் பிறகு 13ஆம் விதி மனுவுக்கு இடமில்லை. மேல்முறையீட்டை நீங்களே திரும்பப் பெற்றிருந்தால் மட்டும் விலக்கு. மாறாக, 13ஆம் விதி மனு தோற்ற பிறகும் தீர்ப்பாணையின் தகுதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், ஆனால் 'என்னை ஒருதலைப்பட்சமாக வைத்தது தவறு' என்ற வாதத்தை அங்கே மறுபடி எழுப்ப முடியாது. முறையான மேல்முறையீட்டுக்குத் தொகைக்கு ஏற்ற நீதிமன்றக் கட்டணம் உண்டு, சி.எம்.ஏ.வுக்குச் சிறு தொகையே.

அடமான வழக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. முதலில் முதனிலைத் தீர்ப்பாணை, பணம் கட்ட அவகாசம், பிறகு இறுதித் தீர்ப்பாணை என்று இரு படிகள். முதனிலைத் தீர்ப்பாணையை எதிர்க்காமல் விட்டவர், இறுதித் தீர்ப்பாணைக்கு எதிரான மேல்முறையீட்டில் முதலாவதன் சரி தவறைக் கேட்க முடியாது என்கிறது 97ஆம் பிரிவு. இறுதித் தீர்ப்பாணையை மட்டும் நீக்கக் கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

மேல்முறையீடு போட்டால் ஏலம் நின்றுவிடுமா?

நிற்காது. மேல்முறையீடு தாக்கலானது என்பதால் மட்டும் நிறைவேற்றம் நிற்பதில்லை. தடையாணைக்குத் தனி மனு வேண்டும். மேல்முறையீடே கெடு தவறிப் போடப்பட்டிருந்தால், அதை விசாரணைக்கு ஏற்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்யும் வரை தடையாணையும் கிடைக்காது. ஏல நாள் குறிக்கப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பின் நகலோடு அவசரம் காட்டி மனுவை எடுத்துக்கொள்ளக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பகுதித் தொகையைக் கட்டும்படி நிபந்தனை விதிப்பார்கள். உறவினரிடம் கைமாற்று வாங்கியாவது ஒரு தொகையைத் தயாராக வைத்துக்கொண்டு, எவ்வளவு கட்ட முடியும் என்பதை வக்கீலிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கட்ட முடியாத தொகைக்கு ஒப்புக்கொண்டு கெடுவில் கட்டாமல் விட்டால் தடையாணை தானாகவே போய்விடும். எதிர்த்தரப்பு அதை உங்கள் நேர்மையின்மைக்குச் சான்றாகவும் காட்டும்.

ஏலம் முடிந்துவிட்டிருந்தாலும், ஏலம் உறுதி செய்யப்படுவதற்கு முன் முழுக் கடனையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டினால் 34ஆம் கட்டளையின் 5ஆம் விதிப்படி சொத்தை மீட்கலாம். 21ஆம் கட்டளையின் 89, 90ஆம் விதிகளின்படி ஏலத்தை நீக்கக் கேட்பதற்குக் கெடு 60 நாள். அந்தக் கட்டளையின் கீழான மனுக்களுக்கு வரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் தாமத மன்னிப்பே கிடையாது.

உறுதி செய்யப்பட்ட பிறகு, எடுத்தவர் யார் என்பதே கேள்வி. வங்கியே எடுத்திருந்தால், தீர்ப்பாணை பின்னர் நீக்கப்படும்போது 144ஆம் பிரிவின்படி சொத்தைத் திரும்பக் கேட்கலாம். வழக்குக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் நல்லெண்ணத்தில் எடுத்திருந்தால், தீர்ப்பாணை போன பின்பும் அவருடைய உரிமை பெரும்பாலும் காக்கப்படும். ஜனக் ராஜ் வழக்கு (1967) முதல் நிலவும் நிலை இதுதான். வழக்கில் வென்றும் வீட்டை இழக்கும் நிலை வரலாம் என்பதால், தடையாணை மனுவை மேல்முறையீட்டோடு சேர்த்தே போட வேண்டும்.

கடன் வாங்கிய அப்பா இறந்துவிட்டார். நாங்கள் மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம். வழக்குப் போடும் முன்பே அவர் இறந்திருந்தால், இறந்தவர் மீது பிறந்த தீர்ப்பாணை செல்லாது. இறப்புச் சான்றிதழோடு அதையே முதன்மையாக எழுப்புங்கள். வழக்கு நடக்கும்போது இறந்திருந்தால் நிதானமாகப் பாருங்கள்: எழுத்துமூல மறுப்பு தாக்கல் செய்யாத, வழக்காடாத பிரதிவாதியின் வாரிசுகளைச் சேர்ப்பதிலிருந்து வாதிக்கு விலக்களிக்க, 22ஆம் கட்டளை 4ஆம் விதியின் 4ஆம் உட்பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அப்படி விலக்கு பெறப்பட்டதா என்பதைக் கட்டில் தேடுங்கள். ஜாமீன்தாரருக்கும் தனியே மனுப் போடும் உரிமை உண்டு. தீர்ப்பாணையைப் பிரிக்க முடியாத இடத்தில் ஒருவருக்காக நீக்கினாலும் எல்லோருக்கும் நீங்கும்.

நடுவில் வங்கியோடு சமரசம் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம், மேல்முறையீட்டைப் போட்ட பிறகு. பேச்சு நடக்கிறது என்பதால் கெடு நிற்காது. கிளை மேலாளர் வாய்மொழியாகக் கொடுத்த உறுதியை நம்பிக் காலத்தைத் தவற விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரே தடவையில் தீர்க்கும் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். லோக் அதாலத்தில் முடித்தால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; ஆனால் அதன் மீது மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டும் என்ற வாசகம் இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள்.

சி.எம்.ஏ.விலும் தோற்றால்?

அதற்கு மேல் இரண்டாம் மேல்முறையீடு இல்லை என்று 104ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு அடைத்துவிடுகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர் மதுரைக் கிளையில் சீராய்வு கேட்கலாம். ஆனால் அங்கே சான்றுகளை மறுபடி அலசமாட்டார்கள், அதிகார வரம்பு மீறப்பட்டதா, சட்டத்தைப் புறக்கணித்தார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. என்ன வழி?

ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; மற்றவர்களுக்கு வருமானச் சான்று தேவை. மதுரைக் கிளையில் நடக்கும் வழக்குக்கு அங்குள்ள சட்டப் பணிக் குழுவிடம் கேட்க வேண்டும். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் பெறலாம். போகும்போது தள்ளுபடி ஆணையின் நகல், ஏல அறிவிப்பு, கடன் கணக்கு விவரம், ஆதார், ரேஷன் அட்டை ஆகியவற்றோடு வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா நாளை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.